பழைய கார்களின் வைப்பர் இயக்கமைப்பு: தேய்மானமும் பழுதுநீக்கமும்

காரின் முன்கண்ணாடியில் விழும் மழைநீரைத் துடைக்கும் கருவி வைப்பர் எனப்படும். வெளியில் தெரிவது உலோகக் கரமும் அதில் மாட்டியிருக்கும் ரப்பர் பிளேடும் மட்டுமே. அவற்றை அசைக்கும் மின்மோட்டார், மோட்டாரின் சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி, அந்த அசைவை இரண்டு கரங்களுக்கும் கொண்டுசெல்லும் இணைப்பு, கரங்களைத் தாங்கும் ஸ்பிண்டில்கள் ஆகியவை கண்ணாடிக்குக் கீழே மறைந்திருக்கின்றன. பழைய கார்களில் புது பிளேடு போட்ட பிறகும் வைப்பர் தடதடவென்று அடித்துக்கொண்டாலோ, கண்ணாடியின் ஓரத்தில் மோதினாலோ, பாதி வழியில் தயங்கினாலோ, பழுது பெரும்பாலும் இந்த மறைந்த பகுதியில்தான் இருக்கும்.

இத்தகைய பழுதுக்கு மோட்டாரைக் குறை சொல்லி அதை மாற்றிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. செலவு கூடுமே தவிர, பல நேரங்களில் பழுது அப்படியே இருக்கும். தேய்ந்திருப்பது மோட்டாருக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒரு மூட்டு. அது எந்த மூட்டு என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், பழுதுநீக்கம் ஒரு நாள் வேலையாகவும் சிறு செலவாகவும் முடிந்துவிடும்.

இக்கட்டுரை பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் காணப்படும் கேபிள் ராக் வகை வைப்பரை முதன்மையாக விளக்குகிறது. 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டிலும், அதை அடிப்படையாகக் கொண்டு 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இந்த வகைதான். இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் 1000, மினி, எம்.ஜி.பி. ஆகியவற்றின் வைப்பரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிற்கால மாருதி 800 போன்ற கார்களின் கம்பி இணைப்பு வகை பற்றி இறுதியில் சுருக்கமாகக் காணலாம்.

ராக் வகை உருவான பின்னணி

கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்றார். அது வண்டிக்குள்ளிருந்து கையால் நெம்புகோலை அசைத்து இயக்குவது. பின்னர் என்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வைப்பர்கள் வந்தன. அவற்றில் ஒரு வினோதமான குறை உண்டு. மேடேறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் உறிஞ்சு விசை குறைந்து, வைப்பர் ஏறக்குறைய நின்றுவிடும். பாரவண்டியை முந்தும் நேரத்தில், அதாவது சேற்றுநீர் கண்ணாடியில் வாரி அடிக்கும் அந்த நேரத்தில்தான் அது ஓய்வெடுக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926இல் மின்மோட்டாரால் இயங்கும் வைப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மோட்டார் வந்தபின், ஒரே மோட்டாரால் இரண்டு கரங்களை எப்படி அசைப்பது என்பது அடுத்த சிக்கல். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் இதற்கு ராக் முறையைப் பயன்படுத்தியது. மோட்டாரை வசதியான ஒரு மூலையில் வைத்துவிட்டு, வளையும் கேபிள் ஒன்றைக் குழாய் வழியாகக் கரங்களுக்குக் கொண்டுசெல்வதே அதன் சாரம். ஒரே கார் வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிரிட்டனிலும் இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஐரோப்பாவிலும் விற்கப்பட வேண்டியிருந்த நிலையில், குழாயின் நீளத்தையும் வளைவையும் மட்டும் மாற்றி இரண்டு வகைக்கும் பொருத்திவிட முடிந்தது.

செயல்படும் விதம்

லூகாஸின் டி.ஆர்.3ஏ என்ற மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மோட்டார்த் தண்டின் நுனியில் புழுப்பல் வெட்டப்பட்டிருக்கும். அது ஒரு பெரிய பல்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றும். அந்தச் சக்கரத்தின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு முளை உண்டு. முளையில் மாட்டிய சிறு இணைப்புத் தண்டு, நேர்க்கோட்டுப் பள்ளத்தில் வழுக்கும் ஒரு கட்டையை முன்னும் பின்னும் தள்ளும். பட்டறைகளில் இந்தக் கட்டை கிராஸ்ஹெட் எனப்படும். நீராவி என்ஜினில் பிஸ்டனின் நேரசைவு சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது அல்லவா, இங்கே அதுவே தலைகீழாக நடக்கிறது.

கிராஸ்ஹெட்டோடு இணைந்திருப்பதுதான் ராக். இது ஓர் எஃகுக் கேபிள். அதன் மேல் இன்னொரு கம்பி, இடைவெளி விட்டுத் திருகுசுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுகளே பற்களின் வேலையைச் செய்கின்றன. கேபிள் வளையும், ஆனால் குழாய்க்குள் இருப்பதால் மடங்காது. எனவே இழுக்கவும் தள்ளவும் ஒருசேரப் பயன்படும்.

ஒவ்வொரு கரத்திற்கும் கீழே வீல்பாக்ஸ் என்னும் சிறு பெட்டி இருக்கும். அதற்குள் ஸ்பிண்டிலோடு பொருத்திய சிறிய பல்சக்கரம் ராக்கின் சுற்றுகளைக் கவ்விக்கொண்டிருக்கும். ராக் முன்னே போகும்போது ஸ்பிண்டில் ஒருபுறம் திரும்பும், பின்னே வரும்போது மறுபுறம் திரும்பும். திரும்பும் கோணம் கார் மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 110 முதல் 130 பாகை வரை. பல்சக்கரம் ஒருபோதும் முழுச் சுற்று சுற்றுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழுதுநீக்கத்தின் மிக முக்கியமான சூட்சுமம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

தேய்மானம் ஏன் பெரிதாகத் தெரிகிறது

நிமிடத்துக்கு 45 முறை துடைக்கும் வைப்பர், ஒரு மணி நேர மழையில் 2700 முறை போய்வரும். ஒவ்வொரு போய்வரலிலும் இருமுறை திசை மாறுவதால், 5400 முறை பற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி மோதுகின்றன. தேய்மானத்தை உண்டாக்குவது சீரான ஓட்டத்தைவிட இந்தத் திசைமாற்றமே.

சிறு தேய்மானம் கண்ணாடியில் பெரிய ஆட்டமாகத் தெரிவதற்கு நெம்புகோல் கணக்கு காரணம். பல்சக்கரத்தின் ஆரம் 1 செ.மீ., ஸ்பிண்டிலிலிருந்து பிளேடின் வெளிநுனி வரை 40 செ.மீ. என்று கொள்வோம். பல்லில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், நுனியில் அது நாற்பது மடங்காகி 2 செ.மீ. ஆகிவிடும். ஸ்பிண்டில் புஷ்ஷில் கொஞ்சம், கரம் மாட்டும் வரிப்பற்களில் கொஞ்சம், கிராஸ்ஹெட்டில் கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்தால் பிளேடு கண்ணாடிச் சட்டத்தில் மோதுவதில் வியப்பில்லை.

மழைக்காலத்தில் கரம் ஒன்று பாதி வழியில் கழன்று நின்றால் ஓட்டுநருக்குச் சில நொடிகள் சாலையே தெரியாது. எதிர்வண்டியின் விளக்கொளி துடைக்கப்படாத நீரில் சிதறும் இரவில் இது உயிர் விஷயம். சட்டத்தின் பார்வையிலும் வைப்பர் விருப்பப் பொருள் அன்று. இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் பிறகே புதுப்பிக்கப்படுகிறது.

பழுது எங்கே என்று கண்டறிதல்

கருவிகளை எடுக்கும் முன் கையாலேயே பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியை நன்றாக நனைத்து வைப்பரை ஓடவிட்டு, கரங்கள் நடுவில் இருக்கும்போது சாவியை அணைத்து நிறுத்த வேண்டும். பிறகு ஒரு கரத்தின் நுனியைப் பிடித்து இருபுறமும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் எவ்வளவு என்று ஓர் அளவுகோலை வைத்துக் குறித்துக்கொண்டு, மறுகரத்திலும் அதையே செய்ய வேண்டும்.

இரண்டு கரங்களிலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது கிராஸ்ஹெட், இணைப்புத் தண்டு, மோட்டார் பொருத்தம் ஆகியவற்றில் சந்தேகம் கொள்ளலாம். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் உளுத்துப்போயிருந்தால், ராக் நகர்வதற்குப் பதில் மோட்டாரே எதிர்த்திசையில் நகரும். இது அடிக்கடி தவறவிடப்படும் காரணம். ஒருவர் வைப்பரை ஓட்ட, மற்றவர் மோட்டாரின் மேல் கைவைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். விரல்கள் மட்டும் அசையும் பாகங்களுக்கு அருகே போகக் கூடாது.

ஒரு கரத்தில் மட்டும் ஆட்டம் அதிகமென்றால் அந்தப் பக்க வீல்பாக்ஸோ கரமோ காரணம். கரத்தின் அடிப்பகுதியை அசைக்கும்போது ஸ்பிண்டில் தலை அசையாமல் இருந்தால், கரத்தின் உள்ளே உள்ள வரிப்பற்கள் தேய்ந்திருக்கின்றன. வீல்பாக்ஸைத் தொடவே தேவையில்லை, கரத்தை மாற்றினால் போதும். ஸ்பிண்டிலும் சேர்ந்து திரும்பினால் ஆட்டம் பல்சக்கரத்தில் இருக்கிறது. ஸ்பிண்டில் திரும்பாமல் பக்கவாட்டில் சாய்ந்து ஆடினால் தேய்ந்தது புஷ். இந்த மூன்றையும் பிரித்தறிவது ஐந்து நிமிட வேலை.

வைப்பர் மெதுவாக ஓடுவது வேறு வகைப் பழுது. அது தளர்ச்சியால் அல்ல, இறுக்கத்தால் வருவது. இரண்டும் ஒரே காரில் சேர்ந்தும் இருக்கலாம்.

பிரிக்கும் முன்

மின்கலத்தின் எர்த் இணைப்பைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சுவிட்சை அணைத்தாலும் கரங்கள் ஓய்விடத்துக்குத் திரும்பும்வரை மோட்டார் ஓடும்படி அமைந்திருப்பதால், சுவிட்ச் மட்டும் பாதுகாப்பு ஆகாது. பழைய பிரிட்டிஷ் கார்களில் சில, மின்கலத்தின் நேர்முனை உடற்கூட்டோடு இணைந்தவை. எனவே எந்த முனை எர்த் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இணைப்பைக் கழற்றுவதற்கு முன்பே வைப்பரை ஒருமுறை ஓட்டி ஓய்விடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அந்நிலையில் பிளேடு படுத்திருக்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுத்தாள் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது குழப்பம் வராது. கரத்தைக் கழற்ற அதன் அடியில் உள்ள சிறு வில்தகட்டை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கழற்றாதது துருவேறி இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுத்திருக்கலாம். கீழே பெரிய ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் கண்ணாடியில் விரிசல் விழலாம், காரின் பெயின்டும் போகும். நெம்பியே ஆக வேண்டுமென்றால் கீழே மரக்கட்டையும் தடித்த துணியும் வைக்க வேண்டும்.

கரங்கள் கழன்றதும் ஒவ்வொரு ஸ்பிண்டில் தலையிலும் மேல்நோக்கிய பக்கத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்தப் புள்ளியின் பயன் பின்னால் வரும்.

ஹெரால்டில் மோட்டார் பானெட்டுக்குக் கீழே, என்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. பல்சக்கரப் பெட்டியின் மூடியைத் தாங்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே பெரிய பல்சக்கரமும் இணைப்புத் தண்டும் தெரியும். மூடியின் நடுவில் குவிந்த தொப்பி போன்ற பகுதி உள்ளதே, அதுதான் ஓய்விட சுவிட்ச். அது மூடியோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. முளையின் மேலுள்ள வளையக் கிளிப்பை எடுத்து, வாஷர்களின் வரிசையைக் குறித்துக்கொண்டு இணைப்புத் தண்டைத் தூக்கினால், கிராஸ்ஹெட்டோடு ராக்கை மெதுவாக வெளியே உருவிவிடலாம். உருவும்போது ஸ்பிண்டில்கள் தாமாகச் சுழலும். கரங்களை முன்பே கழற்றச் சொன்னது இதற்காகத்தான்.

பல்சக்கரத்தின் தேயாத பகுதி

ராக்கை உருவிய பிறகு, டாஷ்போர்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்து வீல்பாக்ஸின் உள்ளே பார்க்கலாம். வசதிப்படாவிட்டால் வெளிப்பக்க நட்டையும் பின்தகட்டின் இரண்டு திருகுகளையும் தளர்த்திப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒரு பகுதியில் பற்கள் கூர்மையாகிக் கத்திபோல் ஆகியிருக்கும். மற்ற பகுதியில் ஆலையிலிருந்து வந்தபடி புதிதாகவே இருக்கும்.

காரணம் முன்பே சொன்னதுதான். சக்கரம் 360 பாகைக்கும் பற்கள் கொண்டது. ஆனால் ஆயுள் முழுதும் வேலை செய்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும். எனவே ஸ்பிண்டிலை அரைச்சுற்று திருப்பிப் பொருத்தினால், இதுவரை ராக்கைத் தொடாத பற்கள் வேலைக்கு வருகின்றன. செலவு எதுவுமில்லை. ஸ்பிண்டில் தலையில் நுண்ணிய வரிப்பற்கள் சுற்றிலும் இருப்பதால், ஸ்பிண்டில் எந்தத் திசையில் நின்றாலும் கரத்தை வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ள முடியும். மூன்றில் ஒரு பங்குதான் தேய்கிறது என்றால் மூன்று முறை திருப்பலாமே என்று கேட்கலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள் ராக்கைத் தொடுவதால் தேய்ந்த பகுதியின் விளிம்பு கணக்கைவிட அகன்றிருக்கும். அரைச்சுற்றே பாதுகாப்பான இடைவெளி தரும்.

செய்முறையில் ஒரு சிக்கல் உண்டு. ராக்கை உள்ளே தள்ளும்போது பல்சக்கரம் தானாகச் சுழன்றுகொண்டே போவதால், கடைசியில் எந்தப் பற்கள் கவ்வும் என்பதை முதலிலேயே சொல்ல முடியாது. இங்கேதான் வெள்ளைப் புள்ளி உதவுகிறது. ராக்கை முழுதாகத் தள்ளி, கிராஸ்ஹெட்டை முன்பிருந்த ஓய்விடத்துக்கே கொண்டுவந்து, புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பழையபடி மேலே நின்றால் தேய்ந்த பற்களே மீண்டும் கவ்வியிருக்கின்றன. ராக்கின் நுனி அந்த வீல்பாக்ஸை விட்டு வெளியேறும்வரை பின்னுக்கு இழுத்து, ஸ்பிண்டிலைக் கையால் தேவையான அளவு திருப்பி, மீண்டும் தள்ள வேண்டும். புள்ளி கீழ்நோக்கி நின்றால் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு பல் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை.

மோட்டாருக்கு அருகில் உள்ள வீல்பாக்ஸை முதலில் சரிசெய்ய வேண்டும். தொலைவில் உள்ளதைத் திருத்த, ராக்கை அதன் எல்லைவரை மட்டும் இழுத்தால் போதும், அருகில் உள்ளது கவ்விய நிலையிலேயே திரும்பி வந்துவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டும் கலையும்.

இதே வீல்பாக்ஸ் முன்பே ஒருமுறை திருப்பப்பட்டிருந்தால் இருபுறமும் தேய்ந்திருக்கும். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் கொழும்பில் பஞ்சிகாவத்தையும் பெயர்பெற்றவை. பிரிட்டனில் இக்கார்களுக்கான புது உதிரிபாகங்களை விற்கும் கடைகள் இன்றும் உள்ளன. பழையதை வாங்கும்போது வெளிப்பளபளப்பைப் பார்க்காமல், ஸ்பிண்டிலைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பற்களையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பிண்டில் புஷ் தேய்ந்து பக்கவாட்டில் ஆடினால் அரைச்சுற்றுத் திருப்பல் பயன் தராது. நல்ல லேத் பட்டறையில் புது பித்தளை புஷ் கடைந்து போட்டுக்கொள்ளலாம். புஷ் ஆடுவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் வெளியே உள்ள ரப்பர் வாஷர். அது வெயிலில் காய்ந்து வெடித்ததும் மழைநீர் ஸ்பிண்டில் வழியாக இறங்கி கிரீஸைக் கழுவிவிடும், சில நேரம் டாஷ்போர்டுக்குள்ளும் சொட்டும். சில ரூபாய் வாஷரை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் அடுத்தடுத்த மழைக்காலங்களில் இதே வேலை திரும்ப வரும்.

ராக்கும் குழாயும்

வெளியே எடுத்த ராக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். பல ஆண்டு கிரீஸ், மெழுகுபோல் கெட்டியாகி மண்ணோடு சேர்ந்து அரைக்கும் பசையாக மாறியிருக்கும். சுத்தமான பிறகு, பல்சக்கரங்கள் படும் இடங்களை விரலால் தடவினால் தேய்மானம் தெரியும். சுற்றுக்கம்பி தட்டையாகிப் பளபளத்தாலோ, தளர்ந்து இடம் நகர்ந்தாலோ, ஓரிடத்தில் அறுந்திருந்தாலோ புது ராக் தேவை. பழையதைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். தேய்ந்த ராக்கோடு புது பல்சக்கரத்தைச் சேர்ப்பது வீண். சைக்கிளில் பழைய செயினோடு புது பல்சக்கரம் போட்டவர்களுக்கு இது புரியும்.

குழாய்களுக்குள் துணியை நூலில் கட்டி இழுத்துத் துடைக்கலாம். குழாய் நசுங்கியோ கூர்மையாக வளைந்தோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரேடியோ பொருத்தவோ டாஷ்போர்டைக் கழற்றவோ யாரோ எப்போதோ குழாயை ஒருபக்கம் தள்ளி வளைத்திருப்பார்கள். வைப்பர் மெதுவானதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

எல்லாம் சுத்தமான பின், உயர்வெப்பம் தாங்கும் கிரீஸை ராக் முழுதும் மெல்லியதாகப் பூசி உள்ளே தள்ள வேண்டும். அப்பிவிட்டால் குழாயில் அடைத்துக்கொள்ளும். லூகாஸ் கையேடுகள் இதற்கு ஓர் எளிய சோதனையைத் தருகின்றன. கரங்கள் இல்லாமல், மோட்டாரோடும் இணைக்காமல், கிராஸ்ஹெட்டில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி ராக்கை இழுக்க வேண்டும். ராக் நகர்வதற்குத் தேவைப்படும் இழுவிசை 6 பவுண்டை, அதாவது சுமார் 2.7 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழாயோ வீல்பாக்ஸோ எங்கோ பிடிக்கிறது. வீல்பாக்ஸின் பின்தகட்டுத் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் இழுத்துப் பார்த்தால் குழாய்முனை கோணலாக உட்கார்ந்திருப்பது தெரியவரும். பழைய பொருள் விற்பவரிடம் கிடைக்கும் தராசே இதற்குப் போதும்.

மோட்டார்

ராக் லகுவாக ஓடியும் வைப்பர் தயங்கினால்தான் மோட்டார் பக்கம் போக வேண்டும். அங்கேயும் முதலில் மின்னிணைப்புகள். மோட்டாரின் எர்த் கம்பி துருவேறியிருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். வைப்பர் ஓடும்போது மோட்டார் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், மின்கலத்தில் இருப்பதைவிட மிகக் குறைவாகக் காட்டும். இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் வேகம் திரும்பும்.

கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள கருந்தூளை நீக்க வேண்டும். டி.ஆர்.3ஏ மோட்டாரின் தண்டு முன்பின்னாக நகர்வதைக் கட்டுப்படுத்த ஒரு சரிசெய் திருகு உண்டு. அதைத் தண்டைத் தொடும்வரை மட்டும் இறுக்கி, கால் சுற்று பின்வாங்கி, பூட்டு நட்டை இறுக்குவது வழக்கம். தொட்ட நிலையிலேயே விட்டால் மோட்டார் சூடாகும், அதிகம் தளர்த்தினால் திசை மாறும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம் வரும்.

திரும்பப் பொருத்துதல்

கரங்களை மாட்டாமலேயே மின்கலத்தை இணைத்து வைப்பரைச் சிலமுறை ஓட்டி, சுவிட்சை அணைத்து மோட்டாரைத் தன் ஓய்விடத்தில் நிற்கவிட வேண்டும். அதன் பிறகே, ஒட்டுத்தாள் குறிக்கு ஏற்பக் கரங்களை மாட்ட வேண்டும். வில்தகடு பதியும் சத்தம் கேட்டால்தான் கரம் முழுதாக உட்கார்ந்ததாக அர்த்தம்.

ஓய்விடம் சற்று மேலே அமைந்தால், மூடியின் நடுவில் உள்ள தொப்பியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பது காருக்குக் கார் மாறும். ஒருபக்கம் சிறிது திருப்பி ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். கரத்தை வரிப்பற்களில் ஒரு பல் மாற்றி மாட்டி ஓய்விடத்தைச் சரிசெய்யச் சிலர் முயல்வார்கள். அப்படிச் செய்தால் கீழே சரியாகும், மேலே போகும்போது பிளேடு சட்டத்தில் மோதும். ஓய்விட சுவிட்ச் தீர்மானிப்பது மோட்டார் எங்கே நிற்கும் என்பதை. கரம் மாட்டும் கோணம் தீர்மானிப்பது துடைக்கும் பரப்பு எங்கே விழும் என்பதை. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

சோதனை எப்போதும் நனைந்த கண்ணாடியில்தான். காய்ந்த கண்ணாடியில் ரப்பரின் உராய்வு பலமடங்கு கூடும். அப்போதுதான் பொருத்திய பாகங்களுக்கு அது தேவையற்ற சுமை.

கம்பி இணைப்பு வகை

1983இல் வந்த மாருதி 800 உட்படப் பிற்காலக் கார்களில் ராக் இல்லை. மோட்டாரின் வெளித்தண்டில் ஒரு சிறு கிராங்க் இருக்கும். அதிலிருந்து தகட்டுக் கம்பிகள் இரண்டு ஸ்பிண்டில்களுக்கும் போகும். ஒவ்வொரு மூட்டிலும் எஃகு உருண்டை, அதைக் கவ்வும் பிளாஸ்டிக் கிண்ணம். இங்கே தேய்வது அந்தக் கிண்ணம்தான். தேய்மானம் முற்றியதும் கம்பி உருண்டையிலிருந்து கழன்றுவிடும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், கரம் ஒன்றோ இரண்டுமோ அசையாது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் பழுது மூட்டில் என்று அறியலாம்.

கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் மூட்டுகள் தெரியும். கழன்றதை இடுக்கியால் அழுத்தினால் டப்பென்று மாட்டிக்கொள்ளும். ஆனால் தேய்ந்த கிண்ணம் அடுத்த பலத்த மழையில் மீண்டும் கழலும். கம்பி கொண்டு கட்டி வைப்பது வீடுவரை போய்ச் சேர மட்டுமே. கிண்ணம் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றலாம், கிடைக்காவிட்டால் கம்பி இணைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். பொருத்துமுன் பிளாஸ்டிக்கை அரிக்காத கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும்.

மோட்டாரின் கிராங்கைக் கழற்ற நேர்ந்தால், அது தண்டில் எந்தக் கோணத்தில் இருந்தது என்று முன்பே கோடு கிழித்துக்கொள்வது அவசியம். குறி இல்லாமல் கழற்றிவிட்டால், கரங்களும் கம்பிகளும் இணைக்காத மோட்டாரை முதலில் மின்னிணைப்பு கொடுத்து ஓட்டி, சுவிட்சை அணைத்து ஓய்விடத்தில் நிற்கவிட்டு, ஸ்பிண்டில்களும் ஓய்வு நிலையில் இருக்கும்படி கிராங்கை வைத்து நட்டை இறுக்க வேண்டும். கோணம் தவறினால் சுவிட்சை அணைத்ததும் பிளேடுகள் கண்ணாடியின் நடுவில், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே போய் நிற்கும்.